குட்மார்னிங் சாரும் என் கோணல் கழுத்தும்

உலகத்திலேயே எலிகளுக்குக் காலை வணக்கம் சொன்ன ஒரே மனிதர் எங்கள் குட்மார்னிங் சார்தான். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து அவர்களை எனக்கு அறிமுகம் செய்துவைக்காதீர்கள். ஒருவரோடு பட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

எழுபதுகளில் திருப்பதியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் நான் டைப்பிஸ்ட். சார் அங்கே லெக்சரர். முறையாகப் படித்துப் பாஸ் செய்த டாக்டர்தான். ஆனால் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். "மனுசன் வலிக்குதுன்னு பொய் சொல்வான்மா. எலி சொல்லாது" என்பார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் அடிப்பதுதான் என் வேலை. ஒரு பக்கம் முடித்தால் இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப அடிக்கச் சொல்வார்.

அவரிடம் இரண்டு ஜாதி எலிகள் இருந்தன. ஒரு ஜாதிக்கு பார்பிச்சுரேட் என்கிற தூக்க மருந்து. அதைப் போட்டு மல்லாக்கப் படுக்கவைத்தால் எலி அப்படியே கிடக்கும். மருந்து இறங்கியதும் தானாகப் புரண்டு எழும். அது புரளும் அந்த நொடியில் சார் கழுத்தில் தொங்கும் ஸ்டாப் வாட்சை 'டக்'கென்று அழுத்தி, "குட்மார்னிங்!" என்பார். மாலை நாலு மணியானாலும் குட்மார்னிங்தான்.

இன்னொரு ஜாதிக்கு மனநோயாளிகளுக்குத் தருகிற மருந்து. அவை விறைத்துப்போகும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஒரு கம்பிமேல் வைத்தால், இறங்கத் தெரியாமல் வைத்தது வைத்தபடி நிற்கும். அவற்றிடம் போகும்போது மட்டும் சார் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "பயப்படாதே. நீ முழிச்சிக்கினுதான் கீறே. எனக்குத் தெரியும்."

கல்லூரியில் இதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அசையாமல் கிடந்தால் தூக்கம்தானே, இதில் என்ன இரண்டு வகை என்பது துறைத் தலைவரின் கட்சி. கூட்டத்தில் சார் எழுந்து, "இல்ல சார், உள்ளே முழிச்சிக்கினு அசைய முடியாம தவிக்குது!" என்று தொண்டை கிழியக் கத்துவார். தலைவர் சிரித்துக்கொண்டே, "எலுகே ஒச்சி சாட்சியம் செப்பனீ!" என்பார். எலியே வந்து சாட்சி சொல்லட்டுமாம். மண்டபமே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த ஸ்டாப் வாட்சை அவர் லேபோடு விட்டாரா என்றால், அதுதான் இல்லை. அவரும் நானும் சித்தூர்க்காரர்கள், ஒரே கிறிஸ்தவ சபை. சனிக்கிழமை ஊருக்குப் போகிற ரயிலில், பாகாலா தாண்டியதும் எதிர் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தோளைப் பிடித்து மெல்ல மல்லாத்தினார். பெரியவர் துள்ளி எழுந்து, "ஏமய்யா, நீக்கு பிச்சா?" உனக்கென்ன பைத்தியமா என்று தெலுங்கில் கேட்டுக் கையை ஓங்கினார். சார் வாட்சை அழுத்திவிட்டு, முகமெல்லாம் பல்லாக "குட்மார்னிங்!" என்றார். நான் வேறு பெட்டிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னும் மோசம். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கும்போது ஒரு டக். முதல் தலை சாயும்போது இன்னொரு டக். ஆராதனை முடிந்து போதகரின் கையைக் குலுக்கி, "பாஸ்டர் ஐயா, என் மருந்தைவிட நீங்க வேகம்!" என்று மனமாரப் பாராட்டினார். அப்புறம் சார் இருந்த பக்கம் போதகர் திரும்பவே இல்லை.

இப்படிப்பட்டவரை என் கல்யாணத்துக்குக் கூப்பிடாதே என்று நைனா கெஞ்சினார். கூப்பிட்டேன். நல்லவேளை கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை நகரியில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்கு முதல் நாள், பயமோ பலகாரமோ, எனக்கு ஓயாத வாந்தி. பக்கத்துவீட்டு கம்பவுண்டர் சாயங்காலம் ஒரு ஊசி போட்டார். காலையில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. வாந்தி நின்றது. முக்காடு போட்டுக்கொள்ள உட்கார்ந்தேன். கழுத்து என்னைக் கேட்காமலே இடது பக்கம் திரும்பிப் பின்னால் சாயத் தொடங்கியது. பிடித்து நேராக்கினால் மறுபடி திரும்பியது. கண் இரண்டும் மோட்டுவளைக்கு ஏறிக்கொண்டன. தாடை கோணி, நாக்கு ஓரமாக வெளியே வந்துவிட்டது.

"ஐயோ, பிசாசு புடிச்சிக்கிச்சி!" என்றது ஒரு குரல். அது என் மாமியாராகப் போகிறவர். கம்பவுண்டர் பயந்துபோய், "இசிவு மாதிரி கீது, வேலூருக்கு இட்டுக்கினு போங்க" என்று நழுவப் பார்த்தார். மாமியார் விடவில்லை. "இந்த நோயை மறைச்சி எங்க தலைல கட்டப் பாத்தீங்களா? டேய், கெளம்புடா, நகரி பஸ்ஸைப் புடிக்கலாம்!" நைனா அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு எல்லாம் கேட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் முடியவில்லை. கல்யாணம் என் காதுக்கு முன்னாலேயே கலைந்துகொண்டிருந்தது.

இது என்னவென்று எனக்குத் தெரியும்! எத்தனை பக்கம் டைப் அடித்திருக்கிறேன்! சாரைக் கூப்பிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி, கம்பிமேல் வைத்த எலிக்கால் மாதிரி தொங்கவிட்டுக் காட்டினேன்.

"பாருங்க, கொரங்குப் பிசாசு!" என்றார் மாமியார். கூட்டம் பின்வாங்கியது.

அதற்குள் கோயிலில் காத்திருந்த சாருக்கு விஷயம் எட்ட, அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "ஆகா! பிரமாதம்!" என்று கைதட்டினார். நைனா அவரை அடிக்கப் போய்விட்டார்.

சார் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேலே ஏறி, மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். குரல் தாழ்ந்தது. "பயப்படாதேம்மா. நீ முழிச்சிக்கினுதான் கீறே. எனக்குத் தெரியும்."

என் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

அவர் நாற்காலியிலிருந்தே திரும்பினார். "எல்லாரும் வாயை மூடுங்க. நீங்க பேசறது அத்தினியும் அவளுக்குக் கேக்குது." மாமியாரின் வாய் மூடியது. வாசல் பக்கமிருந்து ஒரு ஆண் குரல், கொஞ்சம் உரக்கவே, "அப்படின்னா சொல்லிடறேன். நான் நகரிக்குப் போவல. இங்கதான் கீறேன்" என்றது. என் வாத்தியார்!

"வாந்திக்கு என்னய்யா ஊசி போட்டே?" என்று சார் கேட்க, கம்பவுண்டர் மருந்தின் பெயரைச் சொன்னார். "அதுதான்! என் எலிக்குப் போடற மருந்துக்கு அது கூடப்பொறந்த தம்பி. சில பேருக்கு இப்படிக் கழுத்தைத் திருகும். பையில அரிப்புக்குப் போடற ஊசி கீதா?"

"கழுத்துக்கு அரிப்பு ஊசியா சார்?"

"அதுதான் இதுக்கு மாத்து. நீயே போடு. நான் எலிக்குப் போட்டே பழகினவன், வாலைத் தேடுவேன்."

ஊசி இறங்கியது. ஸ்டாப் வாட்ச் 'டக்' என்றது. மெல்லத் தாடை தளர்ந்தது. நாக்கு வீடு போய்ச் சேர்ந்தது. கண் இறங்கியது. கடைசியாகக் கழுத்து, எங்கேயும் போகாத மாதிரி, நேராக வந்து நின்றது. 'டக்.'

"குட்மார்னிங்!" என்றார் சார். அப்போது நடுப்பகல்.

கல்யாணம் நடந்தது! அரிப்பு ஊசி தூக்கத்தையும் கொடுக்கும் என்பதால் பிரசங்கத்தின்போது மணப்பெண்ணின் தலை சாய்ந்தது. பின்பெஞ்சில் ஒரு டக் கேட்டது.

கல்லூரியில் அடுத்த கூட்டத்துக்கு சார் என்னையும் அழைத்துப்போனார். மேடையில் ஏற்றி, "எலி வந்திருக்குது சார். கேளுங்க" என்றார். துறைத் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு, அசையாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். "முழிச்சிக்கினுதான் இருந்தேன் சார். எல்லாம் கேட்டுது. அசையத்தான் முடியல" என்றேன். எலிகளின் சார்பில் சாட்சி சொன்ன முதல் டைப்பிஸ்ட் நானாகத்தான் இருப்பேன். தலைவர் எழுந்து வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

சார் வாட்சை அழுத்தினார். "குட்மார்னிங், சார்!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. இந்த முறை என் கைதட்டல்தான் பலமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் எனக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டார்கள். நான் விழித்திருக்கிறேன் என்று தெரிந்து சொன்னவர் அவர் ஒருவர்தான்.