சட்டிக்குள் இறங்கிய சக்தி

சீனாவின் செங்து நகரத்துப் பூங்காக்களில் அந்த வருஷம் ஜனங்கள் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கு அல்ல. வானத்துச் சக்தியைப் பிடிக்க! குரு பாங் கையை நீட்டினால் போதும், சட்டி வழியாகச் சக்தி மண்டைக்குள் இறங்குமாம். சர்க்கரை, சொத்தைப் பல், சம்பந்தி சண்டை எல்லாம் பறந்துவிடுமாம். கடைகளில் சட்டிக்கே தட்டுப்பாடு!

மருந்தியல் பேராசிரியை யின்லானுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, சொந்த அக்கா சூச்சிங் ஒரு சட்டியோடு வந்து நிற்கும்வரை. சூச்சிங் இதய நோயாளி. தங்கை பாதி ஆயுளை எலிக்கூண்டுகளோடு கழித்து, ஒரு காட்டு வேரிலிருந்து எடுத்த மருந்தில்தான் அவள் உயிரே ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்திரையைக் குப்பையில கொட்டிட்டேன்டி."

"ஐயோ அக்கா, செத்துப்போயிடுவே!"

"போடி! உன் மாத்திரையை எலிதானே முதல்ல தின்னுச்சு? குருகிட்ட பெரிய பெரிய அதிகாரிங்களே வர்றாங்க."

"எலிக்குப் பக்தி கிடையாது அக்கா. அதனாலதான் அது சொல்றதை நான் நம்புறேன்."

அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மறுநாள் நூற்பாலை அரங்கில் குருவின் பெருங்கூட்டம். வரவேற்புரைக்கு ஒரு விஞ்ஞானி கிடைக்கமாட்டாரா என்று அலைந்துகொண்டிருந்த ஆலைக் கமிட்டி, தானே வந்து நின்ற யின்லானைப் பார்த்ததும் காலில் விழாத குறை.

கூட்டம் தொடங்குமுன் குருவைத் தேநீர் அறையில் உட்காரவைத்தாள். "காரமா நூடுல்ஸ் சொல்லியிருக்கேன். நிதானமாச் சாப்பிடுங்க குருவே, நானே வந்து கூப்பிடுறேன்."

பிறகு மேடைத் திரையை இழுத்து மூடி, மைக்கைப் பிடித்தாள். "திரைக்குப் பின்னாடி குரு வந்தாச்சு! இதோ, சக்தி இறங்குது!"

அவ்வளவுதான், அரங்கம் ஆடியது. ஒருவர் தரையில் உருண்டார். ஒருவர் நாய் மாதிரி குரைத்தார். ஒரு வழுக்கைத்தலையர், முடி முளைக்கிறது என்று சத்தியம் செய்தார். சட்டிகள் டங்கு டங்கென்று மோதின. "இறங்குதுடி, இறங்குது!" என்று அக்கா அழுதாள்.

சத்தம் கேட்டுக் குரு ஓடிவந்தார், தாடையில் மிளகாய் எண்ணெய் வழிய. போட்டிக் குரு எவனோ புகுந்துவிட்டான் என்று நினைப்பு. "எந்தப் பயடா என் மேடையில? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! நூடுல்ஸ்கூட முடிக்கலை!"

யின்லான் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டியிருந்தாள். குரைத்தவர் பாதியில் நிறுத்தினார்.

குருவுக்கு உறைத்தது. "இல்ல... சாப்பிட்டுக்கிட்டே அனுப்பினேன்..."

"இப்பத்தானே ஆரம்பிக்கலைன்னீங்க?" யின்லான் திரையை விலக்கினாள். அங்கே ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது.

முதலில் யார் சிரித்தார்களோ தெரியவில்லை, பிறகு அரங்கமே சிரித்தது. அடுத்து சட்டிகள் பறந்தன. குரு ஒன்றைப் பிடித்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். அந்த வருஷத்திலேயே சட்டி ஒரு தலைக்கு உதவியது அன்றைக்குத்தான்.

அக்கா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "மாத்திரை வச்சிருக்கியாடி?"

யின்லான் பையிலேயே வைத்திருந்தாள். விழுங்கிவிட்டு அக்கா முனகினாள்: "ஆனா எனக்கு நிஜமாவே சிலிர்த்துச்சேடி."

"சிலிர்க்கும் அக்கா. அதுக்கு நீயே போதும், குரு எதுக்கு?"

சிரித்தது போதும் ஐயா. உங்கள் தலையில் இப்போது என்ன கவிழ்ந்திருக்கிறது என்று கொஞ்சம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.