நாலு மணிக்கு உட்காரலாம்

காகித மனிதன் மறுபடியும் தரையில் கிடந்தான். காவலருக்கு அழுகையே வந்துவிட்டது.

பறப்பதையும் விழுவதையும் வைத்து ஓர் ஓவியர் அம்மா அமைத்த கண்காட்சி அது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் இறகும் இரும்புக் குண்டும் சேர்ந்தே விழும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதற்கெல்லாம் ஆள் தேவையில்லை. பலூனில் தொங்கும் இந்தக் காகித மனிதனுக்குத்தான் சேவகம் செய்ய ஆள் வேண்டும். துரை விழவும் கூடாது, ஏறவும் கூடாது, நெஞ்சு உயரத்தில் மிதக்க வேண்டும். பலூனில் வாயு குறையக் குறைய, எடைக்காக அவன் காலில் மாட்டிய கிளிப்புகளில் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

காவலர்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். முழங்கால் வலியோடு நம் காவலர் பதினொரு மாதம் நாற்காலி கேட்டு நடையாய் நடந்தார். இன்றைக்குத்தான் மேலாளர் மனமிரங்கி, மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கூடவே ஒரு நிபந்தனை.

"நாலு மணிக்கு அந்த அம்மா பார்க்க வர்றாங்க. பொம்மை ஒழுங்கா மிதந்தா உங்களுக்கு நாற்காலி. இல்லேன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்."

இப்போது மணி மூன்றே முக்கால்.

ஒரு கிளிப்பைக் கழற்றினார். அசையவில்லை. இன்னொன்றையும் கழற்றினார். பயல் ஜம்மென்று கிளம்பிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டான்.

காவலர் நாற்காலியில் ஏறினார். உட்காரத்தானே தடை, ஏறுவதற்கு இல்லையே. முழங்கால் கடக்கென்றது, கை எட்டவில்லை. பெருக்கும் அக்காவிடம் ஒட்டடைக் கோல் வாங்கி நூலை இழுத்தார். ஆள் கைக்கு வந்தான். ஆனால் மிச்சமிருந்த கிளிப்புகள் பொலபொலவென்று உதிர்ந்து, எது எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிடியை விட்டால் மறுபடி கூரைதான். வராந்தாவில் காலடிச் சத்தம் வேறு. காவலர் கீழே இறங்கி, அவசரத்தில் வீட்டுச் சாவியை அவன் காலில் கட்டிக் கையை எடுத்தார். காகித மனிதன் சற்றே யோசித்தான். பிறகு மெல்ல இறங்கி, நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

கதவு திறந்தது. மேலாளரின் முகம் வெளுத்தது. ஓவியர் அம்மா நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"நாப்பது நாளா மிதந்தவன்," என்றார் கடைசியில். "களைச்சுப் போய் உட்கார்ந்துட்டான் பாருங்க. எனக்கு இது தோணவே இல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. காவலர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். இந்தக் கட்டடத்தில் களைப்பு என்று ஒன்று இருப்பதை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மேலாளர் காவலரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாற்காலி இனி இங்கதான் இருக்கும். எடுக்கவே மாட்டேன்."

மேலாளரும் ஓவியர் அம்மாவும் ஏதோ பேசிக்கொண்டே வெளியே போனார்கள். காவலர் கால் மணி நேரம் மரியாதைக்காக நின்றார். பிறகு, போதுமடா சாமி என்று, காகித மனிதனைத் தூக்கி ஓரமாக வைக்கவும் சாவியை எடுத்துக்கொள்ளவும் கை நீட்டினார்.

வாசலில் வந்து நின்றார் பெருக்கும் அக்கா, கையில் ஒரு கயிறும் புது அறிவிப்புப் பலகையுமாக.

"கை வைக்காதீங்கண்ணே. இனிமே அந்த நாற்காலியும் கண்காட்சிதானாம். யாரும் உட்கார்ந்துடாம நீங்க நின்னு பார்த்துக்கணுமாம்."