கொம்பு புதைத்த இடம்

"இங்கதான் புதைச்சேன். உள்ளுணர்வு சொல்லுது," என்றான் தியெரி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு.

"அதே உள்ளுணர்வுதானே ஏற்கெனவே மூணு குழி தோண்ட வச்சுது?" என்றாள் அவன் மனைவி ஆர்மெல்.

இலையுதிர் காலத்தில் பசுவின் கொம்புகளில் சாணத்தை அடைத்துப் புதைப்பார்கள். வசந்தத்தில் எடுத்தால் அது காட்டு மண் போல மணக்கும். அதைத் தண்ணீரில் போட்டு, ஒரு பக்கமும் மறுபக்கமுமாக ஒரு மணி நேரம் கையால் சுழற்றிக் கலக்கி, நிலவின் நாள் பார்த்துத் திராட்சைத் தோட்டத்தில் தெளிக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுடைய வெள்ளை ஒயின் புட்டியில் இயற்கை விவசாயச் சான்று முத்திரை ஒட்டலாம். முத்திரை போனால் பாரிஸ் கடைக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். பத்து மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறாள்.

"அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டிருக்கக் கூடாதா?"

"குச்சியா? பூமியோட சக்தி ஓடற பாதையில குறுக்கே குச்சி நடுவாங்களா?"

நான்காவது குழியில் தண்ணீர்க் குழாய் இருந்தது. மண்வெட்டி பட்டதும் பூமியின் சக்தி ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஆர்மெல் பக்கத்துத் தோட்டத்து ரெமோன் வீட்டுக்கு ஓடினாள். கடையில் விற்கிற எல்லா மருந்தையும் அடிக்கிறவன் அவன். இருபத்திரண்டு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவன்.

கொட்டகைக் கதவு பாதி திறந்தது. ரெமோனுக்கு மூச்சு வாங்கியது. சட்டைக் கை தோள்வரை ஈரம்.

"அடடே, நிலவு மகாராணி! இன்னிக்குக் குளிக்கிற நாளா?"

"மாட்டுக் கொம்பு இருந்தா குடு. ஏன்னு கேட்காதே."

"உங்க குடும்பத்துக்கு மட்டும்தான் கொம்பு முளைச்சிருக்குன்னு நினைச்சேன்." ஒரு சாக்கை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். இரண்டு கேலியோடு அவன் நிறுத்திக்கொண்டது அவளுக்கு வியப்பாக இருந்தது.

கொம்புகள் உள்ளே சுரண்டியதுபோல் சுத்தமாக இருந்தன. தியெரி அவசரமாகச் சாணத்தை அடைத்தான்.

"மாட்டுத் தொழுவம் மாதிரி நாறுதே! காட்டு மணம் எங்கே?"

கொட்டிக் கழுவினார்கள். ஜன்னலோரப் பூந்தொட்டிகளைக் கவிழ்த்து, கடையில் வாங்கிய தொட்டி மண்ணை அடைத்தார்கள். அதில் பொடிப்பொடியாக வெள்ளை மணிகள் கலந்திருந்ததை அதிகாரியின் கார் நின்ற பிறகுதான் கவனித்தார்கள்.

அதிகாரி மதாம் வாசெர் ஒரு கொம்பை எடுத்து நெடுநேரம் முகர்ந்தாள். "இந்த வெள்ளை மணி என்ன?"

தியெரி கண்ணிமைக்கவில்லை. "நிலவொளி, மதாம். எங்க மண்ணுல அது உறைஞ்சிடும்."

ஆர்மெல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதாம் வாசெர் கண்களை மூடித் திறந்தாள். "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை! அடுத்த மாசம் நாற்பது பண்ணைக்காரங்களைக் கூட்டிட்டு வரேன். அவங்களுக்கு நீங்கதான் விளக்கணும், ஆர்மெல். உங்க முகத்துல அந்த நம்பிக்கை தெரியுது."

முத்திரை போகாமல் தப்பியது. கார் போன பிறகும் அந்த வார்த்தை ஆர்மெல்லை விடவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் இதில் எதையும் அவள் நம்பியதில்லை. வாடிக்கையாளர் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் முகம் அது. கழற்றி வைக்க இடம் இல்லாமல் போய்விட்டதோ என்று சில காலைகளில் கண்ணாடி முன் பயந்திருக்கிறாள். இந்த ஊரில் பொய் இல்லாத மனிதன் ஒருவன் உண்டென்றால் அது ரெமோன்தான். எதையும் நம்பாதவன், அதை உரக்கச் சொல்லியும் விடுகிறவன். அவனிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டு ஒருமுறை சேர்ந்து சிரிக்க வேண்டும்.

கொம்புச் சாக்கோடு வேலியை நெருங்கினாள். அங்கே ரெமோனின் மனைவி ஜினெத் தயங்கி நின்றிருந்தாள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்:

"நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே, ஆர்மெல். உங்க தோட்டத்துல கொம்பைத் தோண்டி எடுக்கிறது சுலபமா இருந்துதாம். கலக்கறதுதான் பிடிபடலை, காலையிலேருந்து தோள் கழண்டுபோய் நிக்கறாரு... முதல்ல வலப்பக்கமா சுத்தணுமா, இடப்பக்கமா?"