வாசிக்காமல் ஒப்பு போடாதவர்

"ரெண்டு தடவை கிளிக் பண்ணாதீங்கன்னு சொன்னேன் அல்லே, சாரே?"

திரை முழுக்கப் பூச்சி ஊர்ந்தாற்போல் எழுத்து. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் முப்பத்தைந்து வருஷமாக வீடு, நிலத்துக்கு ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் லிங்கம் புதிதாக லினக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தட்டச்சு மென்பொருள் போட்டுக் கொடுக்கக் கடையிலிருந்து வந்தவள் பிரிஸில்லா.

"எல்லாம் இந்த ஒரே ஃபைலுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கு. ஓட அனுமதி குடுத்தா அதுவே பிரிஞ்சு இடத்துல போய் இருந்துக்கும்," என்று இரண்டு வரி தட்டினாள். ஆங்கிலத்தில் உடன்படிக்கை விரிந்தது. "ஸ்பேஸ் தட்டிட்டே போங்க. கடைசில 'எஸ்'னு டைப் பண்ணுங்க."

"வாசிக்காமலா? மோளே, வாசிக்காத தாள்ல லிங்கம் ஒப்பு போட்டதில்ல, கேட்டியா!"

பெஞ்சில் காத்திருந்த சுசீலாபாய் டீச்சர் இருமினார். மகள் ஆர்ஷா நாளை மஸ்கட்டுக்குப் பறக்கிறாள். அவளுக்கு வீட்டை எழுதிவைக்கும் ஆதாரம் இன்று ஒரு மணிக்குள் பதிவாக வேண்டும்.

"எனக்க ஆதாரம், சாரே?"

"தயார், டீச்சரே. பென்சில் குறி போட்ட இடத்துல ஒப்பு போடுங்க. வாசிக்கவே வேண்டாம். எனக்க சொந்த வீட்டு ஆதாரத்தப் பாத்து எழுதினது. அதப்போல ஒண்ணு திருவனந்தபுரத்துல கிடையாது!"

டீச்சர் எல்லாத் தாளிலும் ஒப்பு போட்டார்.

லிங்கம் திரைக்குத் திரும்பி உடன்படிக்கையின் பதினெட்டு ஷரத்தையும் உரக்க வாசித்தார். "ஏழாவதப் பாரு! எது கெட்டாலும் கம்பெனிக்குப் பொறுப்பில்லையாம். எவன் எழுதினான் இத?" கடைசியில், 'ஏழாம் ஷரத்து நீங்கலாக எஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். வெறும் 'எஸ்' இல்லாததால் எல்லாம் மூடிக்கொண்டது.

"மறுபடி முதல்லேருந்தா வாசிக்கப் போறீங்க?" என்றாள் பிரிஸில்லா.

"இதுக்கிடையில மாத்தியிருந்தா?"

இரண்டாம் முறை பதினாறாம் ஷரத்தில் கரண்ட் போனது. மூன்றாம் முறை பொறுமையிழந்த பிரிஸில்லா ஸ்பேஸை அழுத்திப் பிடித்தாள். உடன்படிக்கை தீர்ந்தும் விரலை எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் அந்த வெற்றிடத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு மறுபடி மூடிக்கொண்டது.

நான்காம் முறை, பன்னிரண்டரைக்கு, முழுக்க வாசித்து லிங்கமே 'எஸ்' தட்டினார். ஃபைல் பெயர்கள் அருவிபோல் இறங்கின. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"பாத்தியளா, டீச்சரே? வாசிச்சு ஒப்பு போட்டா ஒரு பிழையும் வராது."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சும்மா இருந்த நேரத்துல நானும் வாசிச்சேன், சாரே. நல்ல எழுத்து. ஆனா ஆர்ஷாவுக்கு நான் ஒப்பு போட்டுக் குடுத்திருக்கது உங்க வீட்ட."