றெஜி அண்ணையும் யூக்கலிப்டஸும்

மிச்சம் என்ற இந்தக் குளிர் ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டில் எங்களுக்கு முதல் இருந்தவர் ஓர் அவுஸ்திரேலியர். பின்வளவு முழுக்கத் தன் நாட்டுச் செடிகளாக நட்டுவிட்டுப் போய்விட்டார். யூக்கலிப்டஸ் கூரையைத் தாண்டி நின்றது. போத்தல் கழுவும் பிரஷ் மாதிரிச் சிவப்பாகப் பூக்க வேண்டிய மரம் ஒன்று, பூப்பதை மறந்து விறகாகிக்கொண்டிருந்தது.

இந்த முறை குளிர் விட்டதும் வளவைத் திருத்த வேண்டும் என்றாள் மனைவி கஜந்தினி. எனக்கு முதுகு ஏலாது என்றேன். முதுகு நன்றாகத்தான் இருந்தது. சனி ஞாயிறில் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்பது என் கொள்கை. அவள் வற்புறுத்தவில்லை. கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவள் வற்புறுத்தாமல் விட்டது இதுதான் முதல் தடவை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்தது வேறு பக்கத்தால். அடுத்த வீட்டுக்கு றெஜினோல்ட் என்றொருவர் குடிவந்தார். மெல்பேர்னில் இருந்து வந்த எங்கட ஆள். தனி ஆள். தலையில் முடி இருந்தது, வயிற்றில் வண்டி இல்லை. எனக்கு இரண்டும் மாறி.

இரண்டு நாள் போகவில்லை, கஜந்தினி வேலியடியில் நின்றாள். கையில் தேத்தண்ணி. அதுவும் விருந்தாளிக் கோப்பையில். குசினி யன்னலால் பார்த்தேன். அவர் மரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள். யூக்கலிப்டஸில் சிரிக்க என்ன இருக்கிறது?

"என்ன சொன்னவர்?"

"காய்ஞ்ச தடியெல்லாம் கழிக்க வேணுமாம். பிறகு பாருங்கோ, பூத்துக் கொட்டுமாம். றெஜி அண்ணை சொன்னவர்."

அண்ணை என்றுதான் சொன்னாள். கலியாணத்துக்கு முதல் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டவள்.

வியாழக்கிழமை இன்னும் கெட்ட செய்தி. சனிக்கிழமை றெஜி அண்ணை எங்கள் வளவுக்கே வந்து வெட்டித் தருவாராம்.

"பாவம், உங்களுக்கு முதுகு ஏலாதெல்லோ," என்றாள்.

வெள்ளி பின்னேரம் வேலையால் வந்த கையோடு மரம் அரியும் வாளைத் தூக்கினேன். மிச்சத்தில் அந்த மனுசனுக்கு ஒரு வேலையும் மிச்சம் இருக்கக்கூடாது. யூக்கலிப்டஸைக் கிளை கிளையாக இறக்கினேன். சனிக்கிழமை அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மற்ற மரத்தை ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு காணும் என்றார். என் தலையைப் பார்த்துக்கொண்டா சொன்னார் என்று இன்னொரு சந்தேகம். இந்தச் செடிகளின் வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் வந்து கிண்டுவதற்குள் நானே கிண்டிச் சரளைக்கல்லுக் கலந்தேன். மரப்பட்டைத் தூளும் பரவினேன்.

வளவு வடிவாகத்தான் வந்தது. யூக்கலிப்டஸ் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தளிர்விட்டது. ஒரு ஞாயிறு, வென்ற களையோடு மேலே கட்டிலில் கிடந்தேன். கீழே கஜந்தினி தங்கச்சி லக்‌ஷிகாவோடு போனில் கதைப்பது கேட்டது. வழமையைவிட மெதுவாகக் கதைத்தாள். ஆகவே காதைத் தீட்டினேன்.

"ஓமடி, தோட்டம் முடிஞ்சுது. இனி ஹோலுக்குப் பெயின்ற் அடிக்க வேணும். ஆரும் வடிவான பெயின்ரர் இருந்தால் சொல்லு. அந்தாள் அடிக்கத் தேவையில்லை, ஒருக்கா வந்து சுவரை அளந்திட்டுப் போனால் காணும்."