வெதர் அக்காவின் ‘டெல் மீ மோர்’

கொல்லிமலையில் கரடியிடம் மாட்டினால்கூடத் தப்பிவிடலாம். வெதர் அக்காவின் ஆங்கிலத்தில் மாட்டினால் கதை முடிந்தது.

வளப்பூர் நாட்டு மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு அவர்தான் தலைவி. நான் அங்கே கணக்கு எழுதுபவன். “வெளிநாட்டு வியாபாரிகிட்ட எடுத்ததும் வெல பேசக்கூடாது கண்ணு. மொதல்ல சும்மா நாலு வார்த்தை பேசோணும். அதுக்குத்தான் இங்கிலீசு” என்பார். மிளகு பறித்துக்கொண்டே போனில் வீடியோ பார்த்துப் படித்தார். பேச்சைத் தொடங்குவது எப்படி, வளர்ப்பது எப்படி என்ற பாடங்களெல்லாம் நன்றாக ஓடின. பேச்சை நாசூக்காக முடித்துக்கொண்டு நகர்வது எப்படி என்ற பாடம் மட்டும் எங்கள் மலை சிக்னலில் சுற்றிக்கொண்டே நின்றது. ஆகவே அக்கா தொடங்குவார், முடிக்க மாட்டார்.

எதிரில் யார் வந்தாலும், “நைஸ் வெதர், நோ?” மழை கொட்டினாலும் நைஸ் வெதர்தான். பேர் அப்படி வந்தது. நாம் என்ன பதில் சொன்னாலும் அடுத்தது தயாராக இருக்கும்.

லாரி டிரைவர் ஒருநாள், “டயர் பஞ்சருங்கக்கா” என்றார்.

“ஓ, ரியலி? டெல் மீ மோர்!”

“அதுக்கு மேல என்னத்தைங்க சொல்றது? ஆணி குத்திருச்சு.”

“வெரி இன்ட்ரஸ்டிங்!”

குடோனைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவர், மச்சானோடு நடந்த சொத்துத் தகராறு முழுவதையும் அக்காவிடம் கொட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். குடோனைப் பார்க்க மறுநாள் திரும்பி வந்தார், பாவம்.

போன வருஷம் ஒரு வம்பு. அடிவாரத்து வியாபாரி எப்போதும் “ஈரம் ஜாஸ்தி” என்று சொல்லியே விலையைக் குறைப்பார். இனி அவருக்குக் கொடுப்பதில்லை, நேராக விற்போம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு அவரிடமே போய் நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில், வெளிநாட்டு வியாபாரிகள் வருகிற விருந்துக்கு அழைப்பு வந்தது. அக்காவும் நானும் போனோம்.

அங்கே ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான். கார்டை நீட்டுவார்கள், விலையைச் சொல்வார்கள், “நைஸ் மீட்டிங் யூ” என்று அடுத்த ஆளிடம் தாவுவார்கள். அக்கா மட்டும் ஜன்னலோரம் தனியாக நின்ற ஒரு நெட்டை ஜெர்மனிக்காரரிடம் போய் நின்றார். அவருடைய கோட்டுக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டிருந்தது.

“ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?”

“லாங்.”

“ஓ, ரியலி? டெல் மீ மோர்!”

அந்த ஆளிடம் அதுவரை யாருமே மேலே கேட்கவில்லை போலிருக்கிறது. பெட்டி வழியில் தொலைந்ததைச் சொன்னார். கோட்டை அவசரத்துக்கு இங்கே வாங்கியதைச் சொன்னார். அரை மணி நேரத்தில், ஊரில் நோயில் படுத்திருக்கும் அம்மாவின் பேச்சுக்கு வந்துவிட்டார்.

நான் அக்காவின் காதோரம், “மத்தவங்களையும் பாக்கலாங்கக்கா” என்றேன்.

“மனுசன் அம்மாவைப் பத்திப் பேசறப்ப பாதியில எப்படிச் சாமி போறது? நல்லாவா இருக்கும்?”

திரும்பி, பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். “மதர், ஈட்டிங் நல்லா?”

‘நல்லா’ அவருக்கு எப்படிப் புரிந்ததோ, தலையை ஆட்டினார். பிறகு, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவரே கேட்டார்.

“பெப்பர். யூ கம் அண்ட் ஸீ. ரோடு வெரி பேடு.”

விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடிவாரத்து வியாபாரியிடம் போய் என்ன சொல்லி நிற்பது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே ஜெர்மனிக்காரர் வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவர் முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. காரிலிருந்து இறங்கி ஒரு மிளகு மூட்டைமேல் சாய்ந்தார்.

“ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?” என்றார் அக்கா.

“டெரிபிள்!”

“ஓ, ரியலி?”

“டெல் மீ மோர்!” என்று அவரே முடித்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம்.

தெளிந்ததும் மிளகை அள்ளி மோந்தார், கடித்தார், கருவி வைத்து ஈரம் பார்த்தார். சரியாக இருந்தது. அந்த வருஷத்து மிளகு முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

சேதி கேட்டு அடிவாரத்து வியாபாரி மலையேறி வந்தார். அக்கா டீ கொடுத்து உட்காரவைத்தார். “ஹவ் இஸ் பிசினஸ்?”

“ஏனுங்கம்மா, அதை எங்கிட்டயே கேக்கறீங்களே!”

மறுநாள் மூட்டைகள் லாரியில் ஏறின. ஒவ்வொரு மூட்டையிலும் வளப்பூர் நாடு என்று எங்கள் ஊர்ப் பேர் இருந்தது. லாரி கண்ணுக்கு மறையும்வரை அக்கா ரோட்டிலேயே நின்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. “எங்க அக்காவை உங்களுக்குத் தெரியுமாங்க?” என்று ஆரம்பித்தேன். பாவம், அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.