நாலு பேரைக் கேட்ட வேதாச்சலம்

மனிதர்களில் "நாலு பேரைக் கேட்டவர்" என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பார்வைக்கு நம்மைப் போலவே வேட்டி கட்டிக்கொண்டு, நம்மைப் போலவே வெற்றிலை மென்றுகொண்டு, நம்மைப் போலவே பஸ்ஸுக்குக் காத்திருப்பார். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். நீங்களும் நானும் "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்போம். அவர் சொல்ல மாட்டார். "நான் சொல்லலீங்க, நாலு பேரைக் கேட்டேன்" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாலு பேர் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி. ஊர் சொன்னால் ஜில்லாவே சொன்ன மாதிரி.

நகரியில் இந்த இனத்துக்குத் திலகமாக விளங்கியவர் வேதாச்சலம். சொந்தமாகச் சில தறிகள், தாட்சாயணி என்றொரு பொறுமைசாலி மனைவி, மனோரமா என்றொரு மகள், அளவில்லாத தன்னம்பிக்கை, இவைதான் அவருடைய ஆஸ்தி. தினமும் காலையில் முனிரத்தினத்தின் காபி ஓட்டலுக்குப் போவார். வாசல் பெஞ்சில் எப்போதும் குந்தியிருக்கும் மூன்று பேரையும், கல்லாவில் இருக்கும் முனிரத்தினத்தையும் உலக விஷயங்களைப் பற்றி விசாரிப்பார். வீடு திரும்பும்போது சித்தூர் ஜில்லாவின் மனசு முழுவதும் அவருடைய மேல்துண்டில் முடிந்திருக்கும்.

சராசரியிலும் அவருக்கு அபாரப் பிரியம். தாட்சாயணி ஒருநாள் காபியில் சர்க்கரை போட மறந்து, மறுநாள் இரட்டிப்பாகப் போட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். "சராசரியா பார்த்தா சரியாத்தான் கீது" என்று குடித்துவிடுவார். புத்தூர் பஸ் ஒருநாள் அரைமணி முன்னால் போய்விடும், இன்னொரு நாள் அரைமணி கழித்து வரும். "சராசரியில கரெக்ட் டைம்" என்று அவர் மட்டும் கரெக்ட் டைமுக்குப் போய் நிற்பார். ஒருநாள் பஸ் போய்ப் புழுதியும் அடங்கிய ரோட்டைப் பார்ப்பார், இன்னொரு நாள் வெயிலில் காய்வார். சராசரியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தவர் யாராவது உண்டா?

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. நகரிக்கு என்ன கதி என்று எல்லோருக்கும் கவலை. வேதாச்சலத்துக்கு இல்லை. ஓட்டலில் அந்த நாலு பேரையும் தமிழில் கேட்டார்: "வூட்டுல இன்னா பாஷை பேசறீங்க?" நாலு பேரும் "தமிழுதாங்க" என்றார்கள். தீர்ந்தது, நகரி சென்னைக்கு! சற்று நேரம் கழித்து மிளகாய் வியாபாரி கங்கையா வந்து, அதே நாலு பேரைத் தெலுங்கில் கேட்டார். நாலு பேரும் "தெலுகே கதண்டி" என்றார்கள். அவரும் திருப்தியோடு எழுந்து போனார். கேட்டவர் மனசு நோகக் கூடாது, எந்த பாஷையில் கேட்கிறாரோ அந்த பாஷையையே சொல்லிவிட வேண்டும் என்பது அந்தப் பெஞ்சின் மரியாதை.

இப்பேர்ப்பட்ட மனிதரின் கையில் ஒரு பேதைப் பெண்ணின் வாழ்வே ஊசலாடியது என்றால் உங்கள் நெஞ்சு பதறவில்லையா?

மனோரமா திருப்பதியில் சித்தி வீட்டில் தங்கி இண்டர்மீடியட் படித்தவள். அடுத்த வீட்டுக் கோவர்த்தனன் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். இருவரும் பேசிக்கொண்டது சொற்பம்; பேசாமல் பார்த்துக்கொண்டது ஏராளம். சித்தி இரண்டையும் கவனித்து, பையன் வீட்டார் சார்பில் நகரிக்குப் பெண் கேட்டு வந்தாள். மனோரமா சமையலறைக் கதவுக்குப் பின்னால், அடுப்பில் பொங்குகிற பாலை மறந்து, தகப்பனாரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பையன் பத்தரைமாத்துத் தங்கம் மாமா, பக்கத்து வூட்டுக்காரி நான் சொல்றேன்" என்றாள் சித்தி.

"நீ வேண்டியவ. அதுவும் ஒருத்தி. நான் நாலு பேரைக் கேக்கறேன்" என்றார் வேதாச்சலம்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

மறுநாளே திருப்பதிக்குப் போனார். அன்று மாலையே திரும்பினார். செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிட்டது.

"அந்த எடம் ஆவாது, தாட்சாயணி. நாலு பேரைக் கேட்டேன். ஒருத்தருக்கும் அந்தப் பையனைத் தெரியல. சொந்த ஊர்லயே ஒரு மனுசனுக்கும் தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

மனோரமா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "யாரைக் கேட்ட, நைனா?"

"பஸ்ஸை வுட்டு எறங்கறேன், எதுக்கால நாலு பேரு குந்திக்கினு இட்லி துன்னுக்கினு இருந்தாங்க. வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு நான் பாக்கல. கண்ணுல பட்ட நாலு பேரு."

"அவங்க தலை எப்படி இருந்திச்சு?"

"மொட்டை. நாலு பேரும் மொட்டை, மேல சந்தனம் வேற. அந்த ஊரு ஆம்பளைங்களே அப்படித்தான் போல."

"எந்த ஊருன்னு கேட்டியா?"

"கேக்காம வுடுவனா? ரெண்டு பேரு சேலம், ஒருத்தரு ஆம்பூரு, இன்னொருத்தரு திண்டிவனம்."

"ஐயோ நைனா! அவங்க சாமிக்கு முடி குடுக்க வந்தவங்க. அவங்களுக்கு எப்படி இவரைத் தெரியும்?"

"எங்கேருந்து வந்தா இன்னா? கேக்கறப்ப திருப்பதியிலதானே இருந்தாங்க? ஒரு ஊரை வேற எப்படிம்மா கேக்கறது? வூடு வூடா ஏறி எறங்க முடியுமா? அதுவுமில்லாம நாம நாளைக்கு சென்னை ராஜ்யம். திருப்பதி அயல் ராஜ்யம்."

வீடு வீடாக ஏறி இறங்க முடியாது என்பது நியாயந்தான். அதனால்தான் உலகத்தில் எல்லோரும் நாலு பேரைக் கேட்கிறோம். அந்த நாலு பேர் யார், எங்கே எப்படி அகப்பட்டார்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் இந்த இனத்தார் கேட்பதே இல்லை.

மனோரமா அழுதாள். முந்தானை நனைந்தது, தலையணை நனைந்தது, தலையணை அருகே கிடந்த கணக்குப் புத்தகமும் நனைந்தது. அதைத் துடைக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று ஒன்று உறைத்தது. நைனா ஊரைக் கேட்பதே இல்லை. பெஞ்சைத்தான் கேட்கிறார். ஊர் பெரியது, கரைத்துவிட முடியாது. பெஞ்சு சின்னது.

"அம்மா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெஞ்சுல இருக்கறவங்களுக்குப் பெஞ்சாதி புள்ளைங்க இருக்காங்க இல்ல?"

தாட்சாயணி மகளை ஒரு கணம் பார்த்தாள். இத்தனை வருஷம் சராசரிக் காபி கலக்கியவள் அல்லவா? குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே நாலு பெண்களிடம் நாலு வார்த்தை பேசினாள். அவ்வளவுதான். மற்றதை அந்தந்த வீட்டுச் சமையலறை பார்த்துக்கொண்டது.

மறுநாள் காலை மனோரமா காபி டம்ளரை நீட்டி, "நைனா, திருப்பதியில கேட்டுட்ட. நம்ம ஊர்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறமா வேணாம்னு சொல்லிடேன்" என்றாள். மகளுக்குத் தன் சாஸ்திரத்தில் பக்தி வந்துவிட்டதே என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஓட்டலில் அவர் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, பெஞ்சுக்காரர் மூவரில் ஒருவரான தையற்காரர் கிருஷ்ணப்பா அவசரப்பட்டுவிட்டார்.

"கோவர்த்தனனா? தங்கமான பையனாச்சே!"

"நான் இன்னும் கேக்கவே இல்லியே, கிருஷ்ணப்பா?"

கிருஷ்ணப்பா திருதிருவென்று விழித்தார். கல்லாவிலிருந்து முனிரத்தினம் கைகொடுத்தார். "ஊரே பேசிக்கினு கீதுங்க. நீங்க கேட்டாத்தானா?" மற்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் ஆயுளில் திருப்பதியை மிதித்ததில்லை. அவர்தான் பையன் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அழகை நெடுநேரம் வர்ணித்தவர்.

வேதாச்சலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். "தாட்சாயணி! கேக்கறதுக்கு முன்னாலயே சொல்றாங்கடி! நாலுக்கு நாலு! இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?"

கதவுக்குப் பின்னால் மனோரமா மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒரு நெருக்கடி. மாப்பிள்ளையின் அடர்ந்த கிராப்பை வேதாச்சலம் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அசல் திருப்பதிதானா தம்பி? தலையில முடி கீதே?" என்று கேட்டுவிட்டார். தாட்சாயணி பஜ்ஜித் தட்டை நீட்டிச் சமாளித்தாள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிற்பாடு எல்லை முடிவானபோது திருத்தணி சென்னைக்குப் போக, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. மகள் அயல் ராஜ்யத்துக்குப் போகவில்லை. வேதாச்சலம் துளியும் அசரவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். நாலு பேரைக் கேட்டேன் இல்ல?" என்றார். இந்தத் தடவை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டது, அதே நாலு பேர் கங்கையாவுக்குத் தெலுங்கில் சொன்ன பதிலையோ என்னவோ.

சிரித்தீர்கள், சந்தோஷம். இப்போது நெஞ்சில் கையை வைத்துச் சொல்லுங்கள்: படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது ஓரிடத்தில், "இந்த நகரிக்காரர்களே இப்படித்தான் போலிருக்கிறது" என்று நினைத்தீர்களா இல்லையா? எத்தனை நகரிக்காரர்களை விசாரித்தீர்கள்? ஒரே ஒருவரை, அதுவும் காகிதத்தில்.

வேதாச்சலமாவது நாலு பேரைக் கேட்டார்.